ஆணி அடிக்கக் கூடாது

சாவியைத் தரும்போதே வில்வராசா சொல்லிவிட்டார்:
"சுவரிலை ஆணி அடிக்கக் கூடாது பிள்ளை.
மற்றும்படி உங்கட வீடு மாதிரி."

மற்றும்படி என்பது
பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை,
திரும்பினால் முழங்கை கறிச்சட்டியில் இடிக்கும் குசினி,
மேற்குச் சுவரில்
கொட்டியாரக் குடாவை யாரோ
ஈரக்கையால் கீறிவிட்டுப் போனதுபோல்
ஒரு கசிவு.

ஐயாயிரத்தைத் தாண்டக் கூடாது என்று
மருந்துக்கடை நாட்காட்டியின் பின்பக்கத்தில்
கணக்கெழுதத் தொடங்கினேன்.

நளீம் நானா உப்புவெளி ஹோட்டல்களுக்குப்
பெயின்ற் அடிக்கிறவர்.
வாளிகளின் அடியில் மிஞ்சியதைத் தந்தார்.
ஏழாம் நம்பர் அறையின் நீலம்,
வரவேற்பறையின் மோர் நிறம்,
நீச்சல்குளத்துக் கழிப்பறையின் பச்சை.
எதுவும் ஒரு சுவருக்குக் காணாது.
இடுப்பளவுக்கு நீலம், அதற்கு மேலே மோர்.
கேட்டவர்களுக்கு டிசைன் என்றோம்.
பச்சையை எங்கே அடிப்பதென்று தெரியாமல்
மூடிவைத்தேன்.

இழுப்பறை செய்யவென்று
கடைகளில் கேட்டு வாங்கிய பால்மாப் பெட்டிகள்
ஓரிரவு வாசலில் கிடந்தன.
விடிய எழும்பிப் பார்த்தால்
கோட்டைப் பக்கத்து மான்கள் இரண்டு
என் உடுப்பு இழுப்பறையையும்
துவாரகியின் கொப்பி இழுப்பறையையும்
நிதானமாக மென்றுகொண்டு நிற்கின்றன.
விளக்குமாற்றைக் காட்டினேன்.
படமெடுக்கப் போகிறேன் என்று நினைத்தனவோ,
கழுத்தை நிமிர்த்திப் பார்த்தன.
ஊருக்கு அவை அழகு.
எனக்கு மூன்று பெட்டி நட்டம்.

துறைமுகத்துச் சரக்குப் பலகை எட்டு,
ஒன்று நூற்றைம்பது,
ஆட்டோவுக்கு நானூறு.
பலகையிலும் ஆணி இறக்கவில்லை,
தட்டுகிற சத்தம் கேட்டால்
வில்வராசா ஓடிவருவார் என்ற பயம்.
பெனடிக்ற்றா அக்காவின் மனுசன்
வள்ளத்துக்குப் போடும் முடிச்சால்
நைலோன் கயிற்றில் இறுக்கித் தந்தார்:
"புயலுக்கும் அவிழாது தங்கச்சி,
நான் வந்தால்தான் அவிழும்."
அந்த அலுமாரியைக் கசிவுக்கு முன்னால் நிறுத்தினோம்.
குடா மறைந்தது.

கலியாணத்துக்கு வந்த சீலைகளில்
யாருக்கும் பொருந்தாத நிறத்தில் ஒன்று இருந்தது.
தங்கூசியில் கோர்த்து யன்னல் கம்பியில் இழுத்தேன்.
கச்சான் அடிக்கும் மத்தியானங்களில்
அறைக்குள்ளே அது
வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும்.

மா ஆலையில் வேலைசெய்யும் சுகிர்தன்
வெறும் பைகள் கொண்டுவந்தான்.
மூன்று தரம் அவித்துத் தோய்த்தும்
எழுத்துப் போகவில்லை.
மெத்தை உறையில் அவன் சரிந்தால்
நிகர எடை ஐம்பது கிலோ என்று வாசித்துச்
சிரிப்பாள் மகள்.

மொத்தம் நாலாயிரத்து எழுநூற்று முப்பது.
மிச்சத்துக்கு ஐஸ்கிறீம் குடித்தோம்.

அடுத்த மாதம் வாடகைக்கு வந்த வில்வராசா
வாசலில் செருப்பைக் கழற்றினார்.
முன்பு கழற்றியதில்லை.
சுவரைத் தடவினார், சீலையை விலக்கினார்,
போனை எடுத்து
மூலைக்கொன்றாய்ப் படம் பிடித்தார்.
"நாள் கணக்கிலை வெள்ளைக்காரருக்கு விடலாம் போல கிடக்கு..."
தனக்குத்தானே சொல்வதுபோல்தான் சொன்னார்.

சுகிர்தன் நிலத்தைப் பார்த்தான்.
நான் தேத்தண்ணியைக் கீழே வைத்தேன்.
ஒரு பக்கம் நானும் மறுபக்கம் துவாரகியுமாய்
அலுமாரியை இழுத்தோம்.
முடிச்சு ஒன்றுகூட அசையவில்லை.
பின்னாலிருந்து வந்தது குடா,
போன மாரிக்குப் பிறகு கொஞ்சம் பெருத்து,
கரையெல்லாம் பாசி கட்டி.

"ஐயா, இதையும் ஒரு படம் எடுங்கோ."

போன் சட்டைப்பைக்குள் போனது.
தேத்தண்ணி நல்லாயிருக்கு என்றார்.
சீமெந்து அனுப்புறன் என்றார்.
வாடகை பற்றிப் பிறகு கதைப்பம் என்றார்.
செருப்பைத் தேடி,
இடம்வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தார்.

சீமெந்து இன்னும் வரவில்லை.
அலுமாரியை நாங்களும் திரும்ப நகர்த்தவில்லை.
நேற்றுப் பார்க்கிறேன்,
ஈரத்தின் விளிம்பில்
பென்சிலால் ஒரு வள்ளம் கீறியிருக்கிறாள்.
அடிக்கலாம்.
கழிப்பறைப் பச்சை
கொஞ்சம் மிச்சம் கிடக்கிறது.